பெரிய கல்லைச் சில்லாக உடைக்கும்போது செய்யக்கூடாதவை

கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் கற்கருவி செய்து பழக நினைக்கிறவர்கள் முதலில் கை வைப்பது வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் கருங்கல்லில். பாதி உழைப்பு அங்கேயே வீணாகிறது. பழனி மலையில் பெரும்பாலும் சார்னோகைட் என்ற கருங்கல் வகைப் பாறைதான். சுவர் எழுப்ப அருமையான கல். ஆனால் அதன் மணிகள் பெரியவை. அடியின் விசை நேராக ஓடாமல் சிதறிவிடும்; பொருக்கு உதிருமே தவிர கூரான சில்லு வராது. பல்லாவரத்து மலையும் சார்னோகைட்தான். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே கண்டெடுத்த பழங்கற்காலக் கருவியோ குவார்ட்சைட், அதாவது மணற்கல் இறுகி உருவான கெட்டிக் கல். அந்தக் காலத்து மனிதர்கள் கல்லைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள்!

மலையில் கிடைப்பதில் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) பரவாயில்லை. அதிலும் உள்விரிசல் அதிகம். இன்னொரு கல்லின் மேல் நிறுத்தி உச்சியில் அடித்தால் சிறு சில்லுகள் தேறும். பெரிய சில்லு வேண்டுமென்றால் சமவெளியிலிருந்து செர்ட் என்ற சிக்கிமுக்கிக் கல் வகையோ நுண்மணிக் குவார்ட்சைட்டோ வாங்கி வாருங்கள். காப்புக்காட்டில் கல் எடுப்பது சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எந்தக் கல்லானாலும் தட்டிப் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள். சிலை வடிப்பவர்கள் ஓசை கேட்டுத்தான் கல்லைத் தேர்வார்கள். கணீரென்றால் சரி. பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது.

நான் அதிகம் பார்க்கும் தவறு, கல்லின் நடுவில் ஓங்கி அடிப்பது. அடிபட்ட இடத்திலிருந்து விசை கூம்பு வடிவில் விரிகிறது. நடுவில் அடித்தால் அந்தக் கூம்பு வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே விரிசலாக நின்றுவிடும்; பிறகு நல்ல இடத்தில் அடித்தாலும் சில்லு அந்த விரிசலில் முறியும். விளிம்பில்தான் அடிக்க வேண்டும். அடி விழும் பரப்புக்கும் சில்லு உரியும் பக்கத்துக்கும் இடையே உள்ள கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும். உருண்டைக் கல்லில் இந்தக் கோணமே கிடையாது. முதலில் அதை இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். அப்புறம் உரியும் பக்கத்தில் நீளமாக ஒரு முகடு இருக்கிறதா என்று பாருங்கள். சில்லு அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். கல்லைத் திருப்பிப் பிடித்தால், ஒரு சில்லு விட்டுச்சென்ற தழும்பே அடுத்த அடி விழும் பரப்பாகும்.

விளிம்பின் ஓரத்திலேயே அடித்தால் அது நொறுங்கும், சற்று உள்ளே தள்ளி அடியுங்கள். எவ்வளவு உள்ளே அடிக்கிறோமோ அவ்வளவு தடிமனான சில்லு வரும். அதற்கு முன் சொரசொரப்பான கல்லால் விளிம்பைத் தேய்த்து உறுதியாக்குங்கள். பயந்து பயந்து பத்து முறை தட்டுவதைவிடக் கோணம் பார்த்து ஒரே அடி அடிப்பது மேல். இரும்புச் சம்மட்டி விளிம்பை நசுக்கிவிடும். கைக்கு அடங்கும், கனமான ஆற்றுக் கூழாங்கல்லே போதும். பாறையைத் தீமூட்டிப் பிளப்பதைப் பார்த்து, சில்லெடுக்கும் கல்லையும் நெருப்பில் போடாதீர்கள், துண்டு துண்டாக வெடிக்கும்.

கொடைக்கானல் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து உடைப்பதுதான் மிக ஆபத்தான தவறு. உடைக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், அதைக் குணப்படுத்த முடியாது. வெளியே, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி உட்காருங்கள். என்95 முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி, தொடைமேல் தடித்த தோல் மூன்றும் கட்டாயம்.

உடைந்த கழிவைத் தார்ப்பாயில் சேர்த்து அகற்றிவிடுங்கள். தாண்டிக்குடி போல் பெருங்கற்காலச் சின்னங்கள் உள்ள ஊர்களில் இன்றைய சில்லும் பழைய சில்லும் மண்ணில் கலந்தால், பின்னால் ஆய்வுக்கு வருகிறவர்களுக்குப் பெரும் குழப்பம்.