நரசிம்ம ஜயந்தி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரசிம்ம ஜயந்தி நெருங்கும்போதெல்லாம், புதிதாக விரதம் எடுக்கிறவர்கள் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். குளித்துவிட்டுத்தான் விளக்கேற்ற வேண்டும், நைவேத்தியத்தை ருசி பார்க்கக் கூடாது என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டு தவறவிடுகிறவற்றை மட்டும் இங்கே பார்க்கலாம்.

காலண்டர் தாளில் ‘சதுர்த்தசி’ என்று பார்த்து நாள் குறிப்பது

மற்ற எந்தத் தவறையும் பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பார்க்கும்போதுதான் மனம் ஆறுவதில்லை. ஒரு பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, வீட்டையே கழுவி, பூ வாங்கி, பானகம் கரைத்து, கடைசியில் பௌர்ணமித் திதியில் நரசிம்ம ஜயந்தி கொண்டாடி முடிக்கிறார்கள்.

இந்த அவதாரத்தில் வேளைதான் உயிர். மனிதனாலும் மிருகத்தாலும் சாவு கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, வீட்டுக்குள்ளும் வெளியிலும் கூடாது, தரையிலும் வானத்திலும் கூடாது, ஆயுதத்தாலும் கூடாது என்று பிரம்மாவிடம் வரம் வாங்கியிருந்தான் இரணியன். அந்த வரத்தில் ஒரு சொல்லைக்கூடப் பெருமாள் பொய்யாக்கவில்லை. பாதி சிங்கம் பாதி மனிதனாக, அந்தி வேளையில், வாசற்படியில், மடியில் கிடத்தி, நகத்தால் முடித்தார். ஆகவே வைசாக மாத வளர்பிறைச் சதுர்த்தசி என்பதோடு கணக்கு முடியவில்லை. அந்தச் சதுர்த்தசி சூரியன் மறையும் வேளையில் இருக்க வேண்டும்.

தினசரிக் காலண்டர் தாளில் பெரிதாக அச்சிடுவது சூரிய உதயத்தில் இருக்கும் திதியை. ஒரு திதி ஏறத்தாழ 19 மணி நேரத்திலிருந்து 26 மணி நேரம் வரை நீளும். உதயத்தில் இருந்தது அஸ்தமனத்தில் இருக்கும் என்ற உறுதி கிடையாது. உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். சனிக்கிழமைத் தாளில் ‘திரயோதசி பி.ப. 3.10 வரை, பின்பு சதுர்த்தசி’ என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தாளில் ‘சதுர்த்தசி மாலை 4.40 வரை, பின்பு பௌர்ணமி’. புதிதாகப் பார்க்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஞாயிறு என்கிறார். அன்று அவர் ஆறரை மணிக்கு விளக்கேற்றும்போது சதுர்த்தசி முடிந்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஜயந்தி சனிக்கிழமை மாலையே வந்து போய்விட்டது.

பார்க்க வேண்டிய முறை இதுதான். உங்கள் ஊரின் சூரிய அஸ்தமன நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் மே மாத நடுவில் 6.25-ஐ ஒட்டி வரும், கோவையில் சில நிமிடம் தள்ளிப் போகும். அந்த நேரத்தில் எந்த நாளில் சதுர்த்தசி இருக்கிறதோ அந்த நாள். இரண்டு நாள் அஸ்தமனத்திலும் சதுர்த்தசி இருந்தால் இரண்டாம் நாள். இரண்டு நாளிலுமே அஸ்தமனத்தில் இல்லாமல் நடுவில் வந்து போனாலும் இரண்டாம் நாள்தான். விரத நிர்ணயத்தில் இதற்கு மேல் குழப்பமில்லை.

வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடியும் நேரத்தில் வித்தியாசம் வரும். எதைப் பின்பற்றினாலும் சரி, ஒன்றில் திதி தொடங்கும் நேரத்தையும் மற்றொன்றில் முடியும் நேரத்தையும் எடுக்காதீர்கள். சுவாதி நட்சத்திரத்தையும், சூரியனை வைத்துக் கணக்கிடும் சௌரமான மாதத்தையும் சேர்த்துப் பார்க்கும் சம்பிரதாயங்கள் உண்டு. அந்தக் குடும்பத்தார் தங்கள் மடத்தின் பஞ்சாங்கத்தைக் கேட்டு நடப்பதே முறை. லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் சென்னைத் தேதியை அப்படியே எடுக்கக் கூடாது. அங்கே சூரியன் மறையும் நேரத்தை வைத்துப் பார்த்தால் சில ஆண்டுகளில் தேதியே மாறிவிடும்.

நாளைச் சரியாகப் பிடித்த பிறகும், ஆபீசுக்குப் போக வேண்டும் என்று காலை ஏழு மணிக்கே பூஜையை முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் நித்திய பூஜையும் விரத சங்கல்பமும் போதும். ஜயந்தி பூஜை அந்தியில்தான். வீடு திரும்ப முடியாதவர், வீட்டில் இருக்கும் ஒருவரை அஸ்தமனத்தில் விளக்கேற்றி ஆவாகனம் செய்யச் சொல்லலாம். வந்து சேர்ந்ததும் அர்ச்சனையில் கலந்துகொள்ளலாம். அன்று மாலை வாசற்படியைக் கழுவி மஞ்சள் பூசிக் கோலமிடாமல் விடாதீர்கள். அவதாரம் முடிவாக நிகழ்ந்த இடம் அது.

துளசியை மாலையில் பறிப்பது

பூஜை அந்தியில் என்பதால் துளசிக்கும் அந்தியில் கை நீள்கிறது. மாலை நேரத்தில் துளசி பறிக்கக் கூடாது. காலையிலேயே பறித்து, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். 108 அர்ச்சனைக்கு இரண்டு கைப்பிடி போதும்.

உக்கிர மூர்த்தி வீட்டுக்கு ஆகாது என்று ஒதுக்குவது

எல்லா நரசிம்மரும் ஒரே கோலத்தில் இல்லை. நாமக்கல் குடைவரையில் இரணியனை மடியில் வைத்துக் கிழிக்கும் சிற்பம் இருக்கிறது; சோளிங்கர் மலையில் யோக நரசிம்மர் யோகத்தில் அமர்ந்திருக்கிறார்; அகோபிலத்தில் ஒன்பது நரசிம்மர்கள். வீட்டுக்கு ஏற்றது லட்சுமி நரசிம்மர். படம் வாங்கும்போது இடது மடியில் தாயார் இருக்கிறாரா, வலது கை அபயம் காட்டுகிறதா என்று பாருங்கள். குடல் மாலை அணிந்த கோலத்தை அழகுக்காக வாங்கி ஷோகேஸில் வைப்பது தவறு. அந்தக் கோலத்துக்குரிய ஆராதனையை வீட்டில் நடத்த முடியாது.

பயப்படுகிறவர்கள் பாகவதம் ஏழாம் ஸ்கந்தத்தின் பிற்பகுதியைப் படிக்க வேண்டும். தேவர்கள் நெருங்கவில்லை, திருமகளே தயங்கி நின்றாள். பிரம்மா, இரணியனின் மகனான குழந்தைப் பிரகலாதனை அனுப்பினார். அவன் போய்க் காலில் விழுந்தான். அவன் தலையில் அந்தக் கை படிந்தது. குழந்தை அஞ்சாமல் போய் நின்ற மூர்த்தியைப் பெரியவர்கள் அஞ்சி வெளியே நிறுத்துவது வருத்தமாக இருக்கிறது.

விக்கிரகம் வைப்பதானால் ஒரு சாணுக்கு மேற்படாமல் இருக்கட்டும். நாள்தோறும் ஏதாவது நைவேத்தியம் நடக்க வேண்டும். அடிக்கடி வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குப் படமே நல்லது.

மூல மந்திரத்தை எங்கோ காதால் கேட்டு ஜபிப்பது

குருவின் உபதேசம் இல்லாமல் வேண்டாம். லட்சுமி நரசிம்ம கராவலம்ப ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

‘நாளை என்பது நரசிம்மரிடம் இல்லை’ என்று கெடு வைப்பது

இரணியன் தூணைத் தட்டிய கணத்திலேயே வந்ததால் பிறந்த சொல் அது. அதைப் பிடித்துக்கொண்டு, 48 நாளில் கடன் தீர வேண்டும் என்று பூஜை தொடங்கி, தீராவிட்டால் படத்தை எடுத்து உள்ளே வைக்கிறார்கள். அவர் வந்தது பிரகலாதன் கேட்டதற்காக அல்ல. ‘வேண்டிய வரம் கேள்’ என்றபோதும் அவன், மனத்தில் ஆசையே முளைக்கக் கூடாது என்றான். பிறகு, தன்னைக் கொல்லப் பார்த்த தகப்பனின் பாவம் நீங்க வேண்டும் என்று கேட்டான். தகப்பனோடு 21 தலைமுறை தூய்மையாயிற்று என்று பதில் வந்தது. கஷ்டத்தைச் சொல்லி அழுவதில் தவறே இல்லை. தேதி குறிக்க வேண்டாம்.

பானகத்தைக் கொதிக்க வைப்பது

உக்கிரம் தணிய வேண்டும் என்றே இவருக்குக் குளிர்ந்தவற்றைப் படைக்கிறோம். ஆந்திரத்தின் சிம்மாசலத்தில் ஆண்டு முழுக்கச் சந்தனக்காப்பு. அட்சய திருதியை அன்று மட்டும்தான் நிஜரூப தரிசனம். மங்களகிரியில் பானகத்தையே திருவாயில் ஊற்றுகிறார்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 முதல் 200 கிராம் வெல்லம். தட்டி, அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் அடியில் மண் நிற்கும். சுக்குப்பொடி அரை டீஸ்பூன், மிளகுப்பொடி கால் டீஸ்பூன், ஏலக்காய் நான்கு. பச்சைக் கற்பூரம் கடுகளவு மட்டும். கூடினால் கசக்கும், உடம்புக்கும் கெடுதல். ஆரத்திச் சூடத்தை ஒருபோதும் போடக் கூடாது, அது விஷம். கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

எலுமிச்சை பிழிந்தால் ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் வைக்க வேண்டாம். புளிப்புப் பட்டுக் களிம்பு ஏறும். நீர்மோருக்கும் இதே விதி. மண்பானை, வெள்ளி, எவர்சில்வர் எதுவானாலும் சரி. வடபருப்புக்குப் பாசிப்பருப்பு அரை மணி ஊறினால் போதும். உப்பைப் படைப்பதற்குச் சற்று முன் கலந்தால் தண்ணீர் விடாது.

பாரணையைக் குழப்பிக்கொள்வது

பாரணை என்றால் விரதத்தை முடித்துச் சாப்பிடுவது. முழு உபவாசம் இருப்பவர்கள் மறுநாள் காலை நித்திய பூஜை முடித்து, தீர்த்தமும் துளசியும் எடுத்துக்கொண்டு சாப்பிட வேண்டும். முடியாதவர்கள் அந்திப் பூஜை முடிந்ததும் பானகம், வடபருப்பு, பழம் எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெல்லத் தண்ணீர் அவர்களுக்கு ஆகாது. பானகத்தை உத்தரணி அளவு தீர்த்தமாக வாங்கிக்கொண்டு நீர்மோரும் பருப்பும் சாப்பிடட்டும்.