ஃபுல் ஃபிரேமுக்கு மாறும்முன் லென்ஸ் கணக்கு

ஃபுல் ஃபிரேமுக்கு, அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு பெரிய சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) கொண்ட கேமராவுக்கு, மாறுகிறவர்களின் கையைக் கடிப்பது பெரும்பாலும் லென்ஸ்தான். சிறிய சென்சார் கொண்ட கேனன் 1500டி-யிலிருந்து ஃபுல் ஃபிரேம் ஆர்6 மார்க் 2-க்குப் போகிறவரை வைத்தே சொல்கிறேன்.

படி 1: கையில் உள்ள லென்ஸ்களைப் பிரியுங்கள்

பெயரில் இஎஃப்-எஸ் என்றிருந்தால் அது சிறிய சென்சாருக்கானது. அடாப்டர் (பழைய லென்ஸைப் பொருத்த உதவும் இணைப்பு வளையம்) போட்டால் புதிய கேமராவில் இயங்கும்; ஆனால் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பயன்படும், 24 மெகாபிக்சலில் சுமார் 9-தான் மிஞ்சும். 18-55, 55-250 இரண்டையும் பழைய கேமராவோடு விற்றுவிடலாம். இஎஃப் என்று மட்டும் இருந்தால் விற்காதீர்கள். அடாப்டருக்குள் கண்ணாடியே கிடையாது, அதனால் தரம் குறையாது.

படி 2: பழைய படங்களைப் புரட்டுங்கள்

ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் குவியத் தூரம் (லென்ஸ் பெயரில் வரும் 18, 55 போன்ற மி.மீ. எண்; கூடினால் காட்சி நெருங்கும்) பதிவாகியிருக்கும். ஃபுல் ஃபிரேமில் அதே காட்சிக்கு எந்த எண் வேண்டும் என்றறிய, அதை 1.6-ஆல் பெருக்குங்கள். 18 முதல் 55 என்பது இங்கே 29 முதல் 88. ஒரு 24-105 லென்ஸுக்குள் இந்த வீச்சு முழுதும் அடங்கிவிடும்.

படி 3: எஃப்/2.8 ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்

எஃப் எண் லென்ஸின் திறப்பைச் (அப்பர்ச்சர்) சொல்வது; எண் சிறுத்தால் திறப்பு பெரிது. ஃபுல் ஃபிரேமில் எஃப்/4 தரும் பின்னணி மங்கல், பழைய கேமராவில் எஃப்/2.5 தந்திருக்கக்கூடியது. உங்கள் 18-55 லென்ஸோ 55-இல் எஃப்/5.6 வரைதான் திறந்தது! புதிய கேமராவுக்கான ஆர்எஃப் வரிசையில் 70-200 எஃப்/2.8 எடை 1,070 கிராம். எஃப்/4 வெறும் 695. விலையிலும் பெரிய இடைவெளி. இருண்ட அரங்கில் ஆடுகிறவர்களைப் படமெடுத்துச் சம்பாதிக்கிறவர் எஃப்/2.8 வாங்கட்டும். மற்றவர்களுக்கு அது தோள்வலி என்பது என் கட்சி. அதற்காக மிக மலிவான 24-105 எஃப்/4-7.1 பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். பகலில் குறை சொல்ல முடியாது. பொழுது சாய்ந்தால் ஐஎஸ்ஓ (ஒளி குறைவை ஈடுகட்டும் அமைப்பு; ஏற ஏறப் படம் புள்ளிபுள்ளியாகும்) ஏறிக்கொண்டே போகும்.

படி 4: பழைய லென்ஸ் வாங்கினால் மூலைகளைப் பாருங்கள்

சிறிய சென்சார் இஎஃப் லென்ஸின் நடுப்பகுதியை மட்டுமே பார்த்தது. ஃபுல் ஃபிரேம் ஓரத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். செய்தித்தாளைச் சுவரில் விறைப்பாக ஒட்டி, டிரைபாடில் கேமராவை நேராக நிறுத்தி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, டைமர் வைத்து எடுங்கள். நான்கு மூலைகளிலும் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கி, எஃப்/8-இல் தெளிந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் குழம்பியிருந்தால் உள்ளே கண்ணாடி கோணியிருக்கலாம்.

பிறகு பின்புறமிருந்து டார்ச் அடியுங்கள். ஓரிரு தூசிப் பொட்டு பொருட்டில்லை. சிலந்தி நூல்போல் இழை பரவியிருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.