கரை நிறத்தில் மூன்று ரவிக்கைகள்

அலமாரி நிறையச் சேலைகள் இருந்தும், சென்னையின் மே மாத வெயிலில் அலுவலகம் புறப்படும் ஒவ்வொரு காலையும் தடுமாறினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பியபோதுதான், ஒவ்வொரு சேலையும் ஒரே ஒரு ரவிக்கையை நம்பியிருந்ததே குறை என்பது புரிந்தது. ஆகவே மார்ச் முதல் ஜூன் வரைக்கென, வியர்வையை உறிஞ்சும் மதுரைச் சுங்குடி, காரைக்குடிக் கண்டாங்கி ஆகிய பருத்திச் சேலைகளில் 9 மட்டும் எடுத்து, அவற்றின் கரைகளில் திரும்பத் திரும்ப வந்த அரக்கு, கடுகு மஞ்சள், கருநீலம் ஆகிய 3 நிறங்களில் ரவிக்கைகள் தைத்துக்கொண்டேன். சேலை உடலின் நிறத்தைப் பின்பற்றியிருந்தால் 9 ரவிக்கைகள் வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில், கஞ்சி போட்ட பருத்தி ஈரக்காற்றில் துவண்டுவிடுவதால், சீக்கிரம் உலரும் மெல்லிய கலப்பு நூல் சேலைகளுக்கு மாறுகிறேன். ரவிக்கைகள் மட்டும் மாறுவதில்லை.