படம் டிவியில், சத்தம் லேப்டாப்பிலா?

மும்பை மாட்டுங்கா வீட்டில் அம்மாவுக்காக லேப்டாப்பிலிருந்து டிவியில் கச்சேரி போட்டேன். எச்டிஎம்ஐ கேபிள் மாட்டியதும் படம் வந்தது. சத்தம் மட்டும் லேப்டாப்பிலேயே முனகியது. கேபிள்மேல் பழி போடாதீர்கள், ஒலியும் அதில்தான் போகிறது. விண்டோஸில் வலது கீழ் மூலையிலுள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, ஒலிக் கருவிகளின் பட்டியலில் டிவியைத் தேர்ந்தெடுத்தால் சரி.

பழைய விஜிஏ கேபிள் என்றால் கதை வேறு. அது படத்தை மட்டுமே சுமக்கும். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து டிவியின் 'ஆடியோ இன்' துளைக்குத் தனிக் கேபிள் வேண்டும். நான் டிவியின் ஹெட்போன் துளையில் செருகிவிட்டு அரை மணி நேரம் விழித்தேன். அது ஒலி வெளியே வரும் வழியாம்! லாமிங்டன் ரோட்டுக்குக் கேபிள் வாங்கக் கிளம்பும்முன், டிவியில் இருப்பது 3.5 மிமீ துளையா, சிவப்பு வெள்ளை ஜோடியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.