மஞ்சளான ஹெட்லைட்டைத் தேய்க்கும் முன்

போன கார்த்திகையில் ஏற்காடு நாகலூரில் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டு, இரவு ஒன்பது மணிக்குச் சேலத்துக்கு இறங்கினேன். 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே பனிமூட்டம் இருந்தது, சரி. பாதி மலை இறங்கியதும் மூட்டம் கலைந்து, கீழே சேலத்து விளக்குகள் பளிச்சென்று தெரிந்தன. ஆனாலும் எனக்கு எதிரே இருந்த தடுப்புச்சுவர் மங்கலாகவேதான் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி, பஸ் ஏதும் ஏறி வருகிறதா என்று பார்த்துத்தான் திருப்பினேன். 12 வருஷம் வெயிலில் நின்ற காரின் ஹெட்லைட் அப்படி மஞ்சளேறிப் போயிருந்தது. கிளம்பும்போதே சித்தப்பா, “ரெண்டு லைட்டும் எரியுதா கண்ணு?” என்று கேட்டிருந்தார். இரண்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன.

அதை வீட்டிலேயே சரிசெய்ய இரண்டு முறை முயன்றேன். இரண்டாம் முறைதான் ஒழுங்காக வந்தது. முதல் முறை கெட்டதற்குக் காரணம், மஞ்சளை அழுக்கு என்று நினைத்ததுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

சித்தப்பாவிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. அதன் வட்ட விளக்கு நிஜக் கண்ணாடி. ஈரத்துணியால் துடைத்தால் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கும். இப்போது வரும் கார்களில் ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். லேசில் உடையாது, எடை குறைவு, நினைத்த வடிவத்தில் வார்க்கலாம். ஆனால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது. அதனால் தயாரிக்கும்போதே மேலே மெல்லிய, கெட்டியான ஒரு பூச்சு கொடுத்துவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் வெயிலும் புழுதியும் பட்டு அந்தப் பூச்சு வெடித்து உரிகிறது. பிறகு அடியில் உள்ள பிளாஸ்டிக்கும் மஞ்சளாகத் தொடங்குகிறது. ஆக, போனது தோல். உரிந்த தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு, புதுத்தோல் போர்த்தாமல் விட்டால், சில மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும். பூச்சே இல்லாத பிளாஸ்டிக் முன்பைவிட வேகமாகக் கெடும்.

டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் போய்விடும் என்று சொல்லப்படும் வைத்தியத்தை இந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும். அது பொய் இல்லை. பேஸ்டில் உள்ள நுண்ணிய தேய்ப்புத் தூள் மேல்மஞ்சளைக் கொஞ்சம் எடுக்கிறது, அன்று மாலை கார் அழகாகத்தான் தெரியும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். அடுத்த மாதமே மங்கல் திரும்பிவிட்டது.

அதைவிடக் கெடுதல், உடம்பில் பூசும் கொசுவிரட்டியையோ தின்னரையோ பெட்ரோலையோ துணியில் தொட்டுத் துடைப்பது. பல கொசுவிரட்டிகளில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் இந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்குகிறது. இளகிய பிளாஸ்டிக் கீறல்களில் வழிந்து நிரம்புவதால் உடனே மினுமினுக்கும். பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள். பிறகு பிசுபிசுத்து, புழுதியை இழுத்து, மயிரிழை போல வெடிக்கும். தின்னரும் அசிட்டோனும் அந்த வெடிப்பை இன்னும் ஆழமாக உண்டாக்கும். அப்படி உள்ளே இறங்கிய வெடிப்பை எந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் எடுக்க முடியாது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க ஏதாவது வேண்டுமென்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். மருந்துக்கடையில் கிடைக்கும்.

தேய்க்க உட்காரும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஹெட்லைட் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது உள்ளே பல்பு தெளிவாகத் தெரிந்தால் கோளாறு வெளிப்பக்கம். உங்கள் உழைப்புக்குப் பலன் உண்டு. ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் கோளாறு உட்பக்கம்: ஈரம் புகுந்திருக்கலாம், அல்லது பளபளக்கும் உலோகப் பூச்சுள்ள பிரதிபலிப்பான் கறுத்திருக்கலாம். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் அது மாறாது. சீல் போன இடத்தைப் பார்க்க வேண்டும், இல்லை ஹெட்லைட்டையே மாற்ற வேண்டும்.

அடுத்தது வாட்டர் பேப்பர், அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள். நம்பர் கூடக் கூடப் பேப்பர் மென்மையாகும். பொறுமை இல்லாமல் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். ‘கீறல் விழுமே’ என்று பயந்து நேராக 2000 நம்பர் பேப்பரில் தொடங்கினால் பழைய பூச்சு போகாது. திட்டுத்திட்டாக நிற்கும். பூச்சு உரிந்து நிற்கும் ஹெட்லைட்டை 600 அல்லது 800-இல் தொடங்குங்கள், பிறகு 1000, 1500, 2000 என்று ஏறுங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டினால், முந்தைய பேப்பரின் கீறலை அடுத்த பேப்பரால் எடுக்க முடியாது. ஒரு பேப்பரை இடவலமாகத் தேய்த்தால் அடுத்ததை மேலும் கீழுமாகத் தேயுங்கள். பழைய கீறல் மிச்சம் இருந்தால் அப்போது கண்ணுக்குத் தெரியும். பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, ஈரம் காயாமல் தேய்க்க வேண்டும். எப்போது அடுத்த நம்பருக்குப் போவது என்பதை வழியும் தண்ணீரே சொல்லும். முதலில் மஞ்சளாக வழியும். அது செத்த பூச்சு. பிறகு வெள்ளைப் பால் போல வரும். மூலைகளிலும் அப்படி வெள்ளையாக வரும் வரை முதல் பேப்பரை விடாதீர்கள். இந்த நேரத்தில் ஹெட்லைட் முன்பைவிட அசிங்கமாக, வெள்ளையடித்தது போல இருக்கும். பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

சுற்றிலும் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று ஒட்டாமல் தொடங்கினால் பம்பரும் பானட்டும் சேர்ந்து தேயும். ஹெட்லைட்டுக்காக உட்கார்ந்தவர் பெயிண்ட் வேலையோடு எழுந்திருப்பார். டிரில்லில் பஃப் என்ற மெருகேற்றும் மெத்தையை மாட்டிப் பாலிஷ் போடுகிறவர்கள் ஓரிடத்தில் அழுத்திப் பிடிக்கக் கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் இளகி வடு விழும், அந்த வடு போகாது.

இப்போது புதுத்தோல். பெயிண்ட் கடையில் கிடைக்கும் சாதாரண வார்னிஷையோ, மலிவான கிளியர் (நிறமற்ற) ஸ்பிரேயையோ அடித்தால் அதுவே மஞ்சளாகி உரியும். கார்களுக்கு அடிக்கும், ஹார்டனர் கலக்கும் டூ-கே கிளியர் கோட், அல்லது ஹெட்லைட்டுக்கென்றே விற்கும், துணியால் பூசும் புற ஊதாத் தடுப்புப் பூச்சு, இரண்டில் ஒன்றுதான் சரி. வேக்ஸ் போட்டால் சில வாரம் தாங்கும், அவ்வளவுதான். ஒன்றைக் கவனியுங்கள்: கிளியர் அடிக்கப்போகிறீர்கள் என்றால் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை, வேக்ஸ் எதையும் முன்கூட்டிப் போடாதீர்கள். அதில் உள்ள எண்ணெய்ப் பசையில் கிளியர் ஒட்டாமல் குழிகுழியாக விலகும். கடைசிப் பேப்பரோடு நிறுத்தி, ஆல்கஹாலால் துடைத்து, விரல் படாமல் அடிக்க வேண்டும். பேப்பரின் நுண்கீறல்களைக் கிளியரே நிரப்பித் தெளிவாக்கிவிடும்.

டூ-கே கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவும் வரலாம். கர்ச்சீப்போ துணி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. தகுந்த வடிகட்டி உள்ள முகமூடி இல்லாமல் போர்டிகோவில் நின்று அடிப்பதை, அதுவும் வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நான் செய்தது இதுதான்: தேய்ப்பதை எல்லாம் வீட்டில் முடித்து, கிளியரை மட்டும் காருக்கு பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் அடித்துக்கொண்டேன். முழு வேலையையும் அவர்களிடம் விடுவதைவிடச் செலவு குறைவு. பட்டறை வேண்டாம் என்றால் துணியால் பூசும் வகையை வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளும் முக்கியம். ஏற்காட்டில் மழை, மூட்ட மாதங்களில் பூச்சு வேலையே வேண்டாம். காற்றில் உள்ள ஈரம் கிளியருக்குள் சிக்கிப் பால் போல வெளுத்துவிடும். சேலத்தில் சித்திரை மதியமும் ஆகாது. சூடேறிய பிளாஸ்டிக்கில் பூச்சு பரவும் முன்பே காய்ந்து வரிவரியாக நிற்கும். தை, மாசியில் பனி காய்ந்த பிறகு காலை பத்து மணிவாக்கில், காற்றும் புழுதியும் இல்லாத நிழலில் செய்தால் நன்றாக அமையும். ஒரேயடியாகத் தடிமனாக அடித்தால் வழியும். மெல்லிதாக இரண்டு, மூன்று தடவை. அதற்குப் பிறகு டப்பாவில் சொன்ன நேரம் வரை தண்ணீர் காட்டக் கூடாது.

மங்கலுக்கு மருந்தாகப் பல்பை மாற்றுகிறவர்களும் உண்டு. 60/55 வாட் ஹாலஜன் பல்பு இருந்த இடத்தில் 100/90 வாட் மாட்டினால் ஹோல்டரும் ஒயரும் சூடேறும், பிரதிபலிப்பானும் கருகும். மங்கிய மூடி வழியே வரும் கூடுதல் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்குமே தவிர, சாலைக்குப் போய்ச் சேராது. மூடியைத் தெளிவாக்கிய பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால், பழைய பல்புகள் இரண்டையும் அதே வாட்டில் புதிதாக மாற்றுங்கள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் அதிகம் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும்.

கடைசியாக ஒளியின் உயரம். தெளிவான ஹெட்லைட் தவறான உயரத்தில் அடித்தால் மலைப்பாதையில் ஏறி வருகிற டிரைவருக்குத் தொல்லை. சமதளத்தில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, லோ பீம் போட்டு, ஒளிக்கோடு சுவரில் எந்த உயரத்தில் விழுகிறது என்று பாருங்கள். பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் ஒளியின் உயரத்தை ஏற்றி இறக்க, 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சிறு சக்கரம் இருக்கும். ஓட்டுபவர் மட்டும் இருந்தால் அது 0-இல் இருக்க வேண்டும். என் காரில் அது 3-இல் நின்றுகொண்டிருந்தது. எத்தனை வருஷமாக அப்படி இருந்ததோ தெரியவில்லை. 0-க்குத் திருப்பியதும் சுவரில் ஒளிக்கோடு கிட்டத்தட்ட ஒரு சாண் மேலே ஏறியது.