வழிபாட்டு அடையாளங்களைச் சொல்லிக்கொடுக்கும்போது தயவுசெய்து இதைப் பண்ணாதீங்க

எங்க கோயில்ல பிள்ளைங்களுக்குக் கிறிஸ்தவ பாடம் சொல்லிக்கொடுக்குற மறைக்கல்வி கிளாஸுக்குப் புதுசா வந்த டீச்சர் ஒருத்தங்க போன ஞாயித்துக்கிழமை போர்டுல எழுதிட்டு இருந்தாங்க. மெழுகுதிரி = ஒளி, தண்ணி = தூய்மை, சிவப்பு = இரத்தம். ஏழாங்கிளாஸ் பிள்ளைங்க அப்படியே நோட்ல காப்பி பண்ணுதுங்க. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, ஏன்னா இதே பட்டியலைத்தான் ஆரம்பத்துல நானும் எழுதிப் போட்டேன். சத்தமா பேசுங்க, தயார் பண்ணிட்டு வாங்கன்னு தெரிஞ்சதையே சொல்லப்போறதில்ல.

சமக்குறி போட்டு சொல்லிக்கொடுக்காதீங்க

என்கிட்ட படிச்ச ஒரு பையன், டெஸ்ட்ல முழு மார்க். ஈஸ்டருக்குக் கோயில்ல பத்தவைக்கிற பெரிய மெழுகுதிரி இருக்கே, அந்தப் பாஸ்கா திரி = ஈஸ்டர்னு நான் சொன்னதை அப்படியே எழுதினவன். அவன் பாட்டி இறந்து, அடக்கப் பூசைக்குப் பெட்டியைக் கோயிலுக்குள்ள கொண்டுவந்தப்போ பக்கத்துல பாஸ்கா திரி எரிஞ்சுட்டு இருந்துச்சு. பூசை முடிஞ்சதும் கண்ணு வீங்கிப்போய் என்கிட்ட வந்து, "டீச்சர், இது ஈஸ்டர் திரியாச்சே, கோயில்பிள்ளை மாத்தி வச்சுட்டாரா?"ன்னு கேட்டான். அவனுக்கு ஆறுதல் சொல்லத்தான் அந்தத் திரி அங்க எரிஞ்சுது, நான் எழுதிக்கொடுத்த ஒத்தை வார்த்தை குறுக்க வந்து நின்னுடுச்சு. இன்னைக்கு நினைச்சாலும் ஆத்திரமா வருது.

இப்பல்லாம் நோட்டை மூடச் சொல்லிட்டு நேரா திரிகிட்ட கூட்டிட்டுப் போயிடுவேன். சிலுவையைச் சுத்தி அந்த வருஷத்தோட நாலு எண்ணு இருக்கும், அஞ்சு காயத்துக்கு அஞ்சு சாம்பிராணி மணி பதிச்சிருக்கும், அதையெல்லாம் அவங்களே கண்டுபிடிக்கட்டும். மேல அல்பா, கீழ ஒமேகா, கிரேக்கத்துல முதல் எழுத்தும் கடைசி எழுத்தும். நம்ம விவிலியத்துல இது "அகரமும் னகரமும்"னு வரும், தமிழ்ல கடைசி எழுத்து எதுன்னு கேட்டீங்கன்னா பிள்ளைங்களே பிடிச்சுக்கும். அப்புறம் கதையைச் சொல்லுங்க: ஈஸ்டர் ராத்திரி இருட்டுல புது நெருப்புல இதைப் பத்தவைக்கிறாங்க, ஞானஸ்நானத்துக்குக் குழந்தையோட சின்னத் திரியை இதுல இருந்துதான் கொளுத்துறாங்க, கடைசில பெட்டி பக்கத்துலயும் இதே திரிதான். ஏன்னு நீங்க சொல்லிடாதீங்க, அவங்க சொல்ற வரைக்கும் காத்திருங்க.

ஒரு கலருக்கு ஒரே அர்த்தம்னு சொல்லாதீங்க

பூசையில சாமியார் போடுற சிவப்பு உடுப்பு, விசுவாசத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சிங்களோட இரத்தம், சரி. தூய ஆவி இறங்கி வந்ததைக் கொண்டாடுற பெந்தெகோஸ்தேக்கும் அதே சிவப்புதான், அங்க அது நெருப்பு.

சிலுவை மேல இருக்குற பலகையைக் கவனிக்காம தாண்டிப் போகாதீங்க

ஐ.என்.ஆர்.ஐ, நாலே எழுத்து. "நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசர்"ங்கிறதோட லத்தீன் சுருக்கம். அதை எபிரேயம், லத்தீன், கிரேக்கம் மூணுலயும் எழுதி வச்சிருந்தாங்கன்னு யோவான் நற்செய்தி சொல்லுது.

எல்லா மதப் பிள்ளைங்களும் இருக்குற கிளாஸ்ல "நாம"ன்னு பேசாதீங்க

"கிறிஸ்தவங்க இப்படி நம்புறாங்க", அது போதும்.

பொருளைக் காட்டாம சாம்பலைப் பத்திப் பேசாதீங்க

நெத்தியில சாம்பல் பூசித் தவக்காலம் ஆரம்பிக்கிற திருநீற்றுப் புதனுக்கு முந்தின வாரம், வீட்டுல சிலுவைக்குப் பின்னாடி சொருகி வச்சிருக்குற போன வருஷக் குருத்தோலையைக் கொண்டுவரச் சொல்லுங்க. காஞ்சு பழுப்பாயிருக்கும், கையில எடுத்தா நொறுங்கும். போன வருஷம் குருத்து ஞாயித்துக்கிழமை ஓசன்னா பாடிப் பிடிச்சிட்டுப் போன அதே ஓலையைத்தான் எரிச்சு நெத்தியில பூசப்போறாங்கன்னு சொன்னதும் கிளாஸ் அப்படியே அமைதியாயிடும். அந்த அமைதியில நீங்க எதுவும் பேசாதீங்க.