அமீபோ பொம்மைகளை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிண்டெண்டோ நிறுவனம் தன் வீடியோ கேம் கதாபாத்திரங்களை அமீபோ என்ற பெயரில், விளையாட்டுக் கருவியில் தொட்டால் இயங்கும் சிப் பொருத்திய சிறு பொம்மைகளாக 2014 நவம்பரில் விற்கத் தொடங்கியது. முதலில் வந்தவை மாரியோ, லிங்க், பிகாச்சு, சாமஸ் உள்ளிட்ட 12 பாத்திரங்கள். அமெரிக்காவில் அப்போது ஒன்றின் விலை 12.99 டாலர். அன்றிலிருந்து இவற்றைச் சேகரிப்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை, பொம்மையின் தரம், அது கிடைப்பதிலுள்ள அருமை, அதற்குக் கேட்கப்படும் விலை ஆகிய மூன்றையும் ஒன்றென்று எண்ணுவதால் வருபவை.

கடையில் இல்லை என்பதாலேயே ஒரு பொம்மை அரியது என்று முடிவுகட்டுவது முதல் தவறு. முதல் தொகுதியில் மார்த், வில்லேஜர், வீ ஃபிட் டிரெய்னர் ஆகிய மூன்றும் சில வாரங்களிலேயே கடைகளிலிருந்து மறைந்தன. இனி வராது என்ற பேச்சு பரவியதும் பலர் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள். பின்னர் மார்த் மீண்டும் தயாரிக்கப்பட்டுக் கடைக்கு வந்தது. பொம்மையை வார்க்கும் அச்சு நிண்டெண்டோவிடம் இருக்கும்வரை மறுதயாரிப்புக்கு வாய்ப்பு உண்டு. ஆகவே எண்ணிக்கை வரையறுத்து வெளியிடப்பட்ட பொம்மையையும், தற்காலிகமாகத் தீர்ந்துபோன பொம்மையையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது.

இதோடு ஒட்டியது, விற்பனையாளர் கேட்கும் விலையையே சந்தை விலையாகக் கொள்வது. யார் வேண்டுமானாலும் எந்தத் தொகையையும் எழுதிவைக்கலாம். ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. அண்மையில் உண்மையாகவே கைமாறிய ஏழெட்டு விற்பனைகளைப் பார்த்து, அவற்றில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கிவிட்டால், ஓரளவு நம்பத்தக்க மதிப்பு கிடைக்கும்.

தரத்தைப் பொறுத்தவரை, விளம்பரப் படத்தை நம்பி வாங்குவதுதான் பெரிய தவறு. 2014 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் இ3 வீடியோ கேம் கண்காட்சியில் காட்டப்பட்ட மாதிரிகளுக்கும் கடைக்கு வந்த பொம்மைகளுக்கும் கண்ணில் படும் வேறுபாடு இருந்தது. ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற வீடியோ கேம் தொடரின் லிங்க் பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது சாயாமல் நிற்பதற்காகக் கால்களுக்கு நடுவே தடித்த மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் முட்டு ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது. நேர்முகமாக எடுத்த படங்களிலும் அது மறையாது. அந்த முட்டு அந்த அச்சின் இயல்பு என்பதால், எத்தனை பொம்மைகளைப் புரட்டிப் பார்த்தாலும் அது இல்லாத ஒன்று அகப்படாது. வர்ணப்பூச்சு அப்படியல்ல. ஒரே அலமாரியில் தொங்கும் நான்கு லிங்க் பொம்மைகளில் ஒன்றின் பார்வை நேராகவும், அடுத்ததன் கருவிழி சற்றே விலகியும் இருக்கும். முடியும் நெற்றியும் சந்திக்கும் எல்லை, கழுத்துப்பட்டி, இடுப்பு வார் ஆகிய இடங்களில் ஒரு நிறம் மற்றொன்றின் மேல் வழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும். என் அனுபவத்தில், முகம் சரியாக அமைந்த பொம்மையில் மற்றக் குறைகளை மனம் பொறுத்துக்கொள்ளும். முகம் தவறியதை எதுவும் ஈடுசெய்வதில்லை.

தொழிற்சாலைப் பிழை எல்லாம் புதையல் என்று நம்புவதும் ஆபத்தானது. ஒரு கையில் மட்டும் இருக்க வேண்டிய பீரங்கி இரு கைகளிலும் வந்த சாமஸ், கால்களே இல்லாமல் வந்த பீச் இளவரசி ஆகியவை தொடக்க நாட்களில் பெரும் பரபரப்பை உண்டாக்கின. அவை பேசப்பட்டதற்குக் காரணம், பிரிக்கப்படாத உறைக்குள் அந்தப் பிழை கண்ணுக்குத் தெரிந்ததுதான். உறையிலிருந்து எடுத்துவிட்ட பொம்மையில் கை இல்லையென்றால், அது பிழையா உடைப்பா என்று காட்ட வழியில்லை. வர்ணம் சற்றுப் பிசகியது வெறும் குறை. அதற்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

பெட்டி வேறாக இருப்பதைக் கண்டு போலி என்று ஒதுக்குபவர்களும் உண்டு. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய இடங்களில் உறையின் அச்சு வேறுபடும். ஆனால் எந்த நாட்டில் வாங்கிய பொம்மையும் எந்த நாட்டுக் கருவியிலும் இயங்கும். அதே சமயம், சிப் வேலை செய்கிறது என்பதைக் கொண்டு அசல் என்று உறுதிசெய்யவும் முடியாது. அடிப்பீடத்தில் உள்ள, அருகில் கொண்டுபோனாலே தரவு படிக்கப்படும் என்எஃப்சி சிப் போன்றதே மலிவாகக் கிடைக்கிறது. அதில் அதே தரவை எழுதிவிடுகிறார்கள். போலியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வேலைப்பாடுதான்: எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் தோல், மழுங்கிய விரல்கள், மங்கிய முத்திரை.

வேறு வகைப் பொம்மைகளோடு விலையை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. ஜப்பானில் கொக்கி எந்திர விளையாட்டுகளுக்குப் பரிசாகத் தயாராகும் பொம்மை, ஏறத்தாழ 10 செ.மீ. உயரமுள்ள, பெரிய தலை கொண்ட நென்டோராய்டு, மூட்டுகள் அசையும் ஃபிக்மா, ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்த கனத்த சிலை ஆகியவை வெவ்வேறு செலவில் வெவ்வேறு நோக்கத்துக்காகச் செய்யப்படுபவை. கனமாக இருப்பதால் ரெசின் சிலை உறுதியானது என்று எண்ண வேண்டாம். கீழே விழுந்தால் அமீபோ போன்றவற்றின் பிவிசி பிளாஸ்டிக் பெரும்பாலும் தப்பிவிடும், ரெசின் உடைந்துவிடும்.

பிரிக்காத பெட்டிக்குள் இருப்பது புதிதாகவே இருக்கும் என்ற எண்ணத்தால் நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரே ஒரு முன்பக்கப் படத்தைப் பார்த்து வாங்கிய லிங்க் வந்துசேர்ந்தபோது, வாள் பின்பக்கமாக வளைந்திருந்தது. பிவிசி வெப்பத்தில் இளகும். வெயில் படும் அறையிலோ வண்டியிலோ கிடந்தால் உறைக்குள்ளேயே வளையும், நிறம் மங்கும், ஆண்டுகள் செல்லச் செல்லப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த பொருள் கசிந்து மேற்பரப்பு பிசுபிசுக்கும். ஜப்பானின் அமியாமி கடை பழைய பொம்மைகளுக்குப் பொருளின் நிலையையும் பெட்டியின் நிலையையும் தனித்தனியே தரப்படுத்துவது இதனால்தான். விற்பனையாளரிடம் பக்கவாட்டுப் படம், பின்பக்கப் படம், முகத்தின் அண்மைப் படம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வளைந்த வாளைச் சுடுநீரில் சில நொடிகள் வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் அப்படியே நின்றுவிடும். அடிப்பீடத்தில் சிப் இருப்பதால் வாளை மட்டுமே நனைக்க வேண்டும்.